கச்சான் ஓய்ந்த பிறகு: கரையில் கிடந்த ஒரு பைபர் படகைக் கடலுக்குத் தயார் செய்த நிகழ்வு

ராதாபுரம் வட்டத்துக் கடற்கரையில் வைகாசிப் பிற்பாதியிலிருந்து ஆவணி வரை கச்சான் என்ற மேல்காற்று வைத்ததுதான் சட்டம். ஆரல்வாய்மொழி மலையிடைவெளி வழியாகப் புகுந்து, முப்பந்தலிலும் பணகுடியிலும் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு, தேரிக்காட்டுச் செம்மண்ணையும் அள்ளிக்கொண்டு அந்தக் காற்று கடலில் இறங்குகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடப்பில் இருக்கும் 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்கானது. பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் கொண்ட பைபர் படகுகள் அதற்குள் வருவதில்லை. இவற்றை வாரக்கணக்கில், சில ஆண்டுகளில் மாதக்கணக்கில் முடக்கிப் போடுவது காற்றும் அலையும்தான். காற்று தணிந்ததும் ஊர் முழுவதற்கும் ஒரே நேரத்தில் அவசரம் பிடித்துக்கொள்கிறது. தார்ப்பாயை உருவுவது, பெட்ரோல் ஊற்றுவது, கயிற்றை இழுப்பது, எஞ்சின் பிடித்தால் படகை இறக்கிவிடுவது. தயாரிப்பு என்ற பெயரில் பெரும்பாலும் இவ்வளவுதான் நடக்கிறது.

அப்படி இறக்கப்பட்டு, முதல் ஓட்டத்திலேயே நின்று, வேறொரு படகின் கயிற்றில் கரைக்கு வந்து சேர்ந்த ஒரு படகைப் பற்றியது இந்தப் பதிவு. திசையன்விளையில் எஞ்சின் பட்டறை வைத்திருப்பதால் இப்படி நின்று வரும் படகுகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். இந்த ஒன்றை விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. இதில் அகப்பட்ட கோளாறுகளில் ஏறக்குறைய எல்லாமே படகு ஓடாமல் கிடந்த காலத்தில் உண்டானவை, அல்லது அந்தக் காலத்தில் முற்றியவை. எஞ்சின் எங்கே நின்றது என்று கேட்பதைவிட, படகு எப்படிக் கரையேறியது என்று கேட்பதால் பலன் அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

படகும் அதன் புகாரும்

உவரிக்கு மேற்கே உள்ள ஒரு கடற்கரை ஊரைச் சேர்ந்த படகு. 28 அடி நீளம், ஏழு ஆண்டு வயது. நான்கு பேர் தொழிலுக்குப் போவார்கள். சிங்கி இறால் வலையும், காலம் வாய்த்தால் கணவாய்த் தூண்டிலும். எஞ்சின் 9.9 குதிரைத்திறன் கொண்ட இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு, இரட்டை சிலிண்டர், மண்ணெண்ணெயில் ஓடக்கூடியது. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும்; நிறுத்துவதற்குச் சற்று முன்பு மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்காகப் படகில் சின்ன பெட்ரோல் டாங்கும் பெரிய மண்ணெண்ணெய் டாங்கும் இருந்தன. இரண்டும் ஒரு திருகு வால்வில் சேர்ந்து, அங்கிருந்து ஒரே ரப்பர் குழாய் எஞ்சினுக்குப் போனது. குழாயின் நடுவில் கையால் அமுக்கும் ரப்பர் பம்பு.

புகார் இதுதான்: எஞ்சின் கிளம்புகிறது, கால் மணி நேரம் நன்றாக ஓடுகிறது, பிறகு இழுவை குறைந்து அணைந்துவிடுகிறது. கொஞ்சம் பொறுத்தால் மறுபடி கிளம்புகிறது. ஏற்கெனவே ஒருவர் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்திருந்தார். பிளக் இரண்டும் புதிது. தண்ணீர்ப் பம்பில் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரும் புதிது. இவ்வளவுக்குப் பிறகும் நின்றதால், எஞ்சினின் காலம் முடிந்துவிட்டது என்ற முடிவோடு உரிமையாளர் வந்தார்.

“தம்பி, எஞ்சினின் தலைப்பகுதியை மட்டும் மாற்றலாமா, இல்லை புதிதே எடுத்துவிடலாமா?” என்றார். புதிது என்றால் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல், வட்டிக்குத்தான் வாங்குவார்.

“அண்ணாச்சி, அதை அப்புறம் பேசலாம். வைகாசியில் கடைசியாகக் கரையேறிய அன்று என்னென்ன செய்தீர்கள் என்று ஒன்று விடாமல் சொல்லுங்கள்” என்றேன்.

அவர் சொன்னது: அன்றைக்கு அலை பெரியது. கரையோரத்தில் உடைந்த அலையில் படகுக்குள் தண்ணீர் ஏறியது. டிராக்டர் வைத்து இழுத்து மேட்டில் போட்டார்கள். படகின் பின்புறம் கடலைப் பார்த்துத் தாழ்வாக இருந்தது. எஞ்சினைக் கழற்றவில்லை, தார்ப்பாய் போட்டுக் கட்டினார்கள். குடத்தண்ணீர் விலைக்கு வாங்குகிற ஊர் அது. லாரி வராததால் நல்ல தண்ணீரில் எஞ்சினை ஓட்டவில்லை. மண்ணெண்ணெய் தீர்ந்திருந்தது, பெட்ரோல் டாங்கில் பாதி இருந்தது. படகின் அடியில் தண்ணீர் வடியும் துளையை அடைக்கும் அடித்தக்கையைப் பிடுங்கிவிட்டீர்களா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, இல்லை என்றார்.

அந்தப் பதிலில் பாதி நோய் தெரிந்துவிட்டது.

குழாய்க்குள் இருந்த கதவு

முதலில் பெட்ரோல். சின்ன டாங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி இரவு முழுவதும் அசையாமல் வைத்தேன். காலையில் அடியில் ஒரு விரற்கடை அளவுக்குத் தெளிவான வேறொரு அடுக்கு பிரிந்து நின்றது. இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 2022இல் பத்து விழுக்காடு அளவை எட்டி, 2023இலிருந்து இருபது விழுக்காடு பெட்ரோல் பரவத் தொடங்கியது. எத்தனால் தண்ணீரை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்துவிட்டால், எத்தனாலும் தண்ணீருமாகப் பெட்ரோலிலிருந்து பிரிந்து டாங்கின் அடியில் இறங்கும். டாங்கு மூடியின் வாஷர் வெடித்திருந்தது. உப்புக் காற்றும் அலைத் துளியும் அதன் வழியே நுழைய மூன்று மாதம் வாய்ப்பிருந்தது.

இதில் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. இந்த எஞ்சினுக்கு உயவு எண்ணெய் தனியாகப் போவதில்லை. எரிபொருளில் 50க்கு 1 என்று கலக்கும் 2டி ஆயில்தான் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் போகிறது. பிரிந்து அடியில் நிற்கும் அடுக்கில் அந்த ஆயில் சேர்வதில்லை, மேலே பெட்ரோலோடு நின்றுவிடுகிறது. டாங்கின் உறிஞ்சு குழல் அடியிலிருந்துதானே எடுக்கிறது? எஞ்சினுக்கு முதலில் போவது எண்ணெய்ப் பசையே இல்லாத திரவம். முன்பு பார்த்தவர்கள் பழைய பெட்ரோலைக் கொட்டாமல் அதன் மேலேயே புதியதை ஊற்றியிருந்தார்கள். கரையில் மாதக்கணக்கில் நின்ற பெட்ரோலை வீணாக்கக் கூடாது என்ற சிக்கனம் புரிகிறது. ஆனால் அதைப் படகு எஞ்சினில் ஊற்றுவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டாங்கைக் கழுவிக் காயவைத்து, புதிய பெட்ரோலும் மண்ணெண்ணெயும் நிரப்பி, எஞ்சினைத் தண்ணீர் டிரம்மில் வைத்து ஓட்டிப் பார்த்தோம். அரை மணி நேரம் ஒரு குறையும் இல்லை. இந்த இடத்தில்தான் பல பட்டறைகள் படகைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. டிரம்மில் எஞ்சின் பளுவே இல்லாமல் மெதுவாக ஓடுகிறது. எரிபொருளைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கிறது. கடலில் முழு வேகத்தில் குடிப்பது அதைப்போலப் பல மடங்கு. பளு இல்லாமல் சோதித்த எஞ்சினைச் சோதிக்காத எஞ்சின் என்றே கணக்கில் வைக்க வேண்டும்.

ஊரில் கல் போட்டுக் கட்டிய தூண்டில் வளைவு இருக்கிறது. அதன் மறைவில் அலை குறைவு. படகை அங்கே இறக்கி, முன்னும் பின்னும் கயிறு கட்டி, கியரில் போட்டு, வேகத் திருகைப் பாதிக்கு மேல் திருகினோம். கட்டிய படகு நகராது. புரொப்பல்லர் தள்ளிக்கொண்டே இருக்கும். கடலில் போகும்போது விழுகிற பளு கரையோரத்திலேயே கிடைத்துவிடும். நான் பின்புறம் குந்தி, ஒரு கையை ரப்பர் பம்பின் மேல் வைத்துக்கொண்டேன். சில நிமிடங்களில் அது கைக்குள் சப்பையாக ஒட்டத் தொடங்கியது. எஞ்சின் தடுமாறியது.

அந்தப் பம்பு சொல்லும் செய்தி தெளிவானது. எஞ்சின் பட்டினியாகும்போது பம்பு கெட்டியாக இருந்தால் அடைப்பு பம்புக்கும் எஞ்சினுக்கும் இடையில். சப்பையாகிவிட்டால் டாங்குக்கும் பம்புக்கும் இடையில். சப்பையாகாமல் தளர்ந்திருந்து, கையால் அமுக்கினால் எஞ்சின் உயிர் பெறுகிறது என்றால், எங்கோ காற்று புகுகிறது அல்லது எஞ்சினிலேயே இருக்கும் எரிபொருள் பம்பின் சவ்வு கெட்டிருக்கிறது. இங்கே சப்பை. டாங்கின் காற்றுத் திருகைத் திறந்து பார்த்தோம், பயனில்லை. உறிஞ்சு குழலின் வலை சுத்தம். திருகு வால்வில் தடையில்லை. மிச்சம் இருந்தது வால்வுக்கும் பம்புக்கும் இடையே இரண்டு முழத்துக்கும் குறைவான ரப்பர் குழாய்.

வெளியே அதில் ஒரு கீறல்கூட இல்லை. வாயால் ஊதினால் காற்று தாராளமாகப் போனது. கத்தியால் நீளவாக்கில் பிளந்தேன். உள்சுவரின் மெல்லிய படலம் வெளிச்சுவரை விட்டுக் கழன்று, பாம்பு உரித்த சட்டை மாதிரி ஓரமாகச் சுருண்டு கிடந்தது. எத்தனாலைத் தாங்காத பழைய வகைக் குழாய். மூன்று மாதம் அதே பெட்ரோல் அதற்குள் தேங்கி நின்றிருக்கிறது. மெதுவாக உறிஞ்சும்போது படலம் ஒதுங்கி வழிவிடும். வேகமாக உறிஞ்சினால் உறிஞ்சலின் இழுப்பிலேயே நிமிர்ந்து வழியை மூடும். எஞ்சின் அணைந்ததும் இழுப்பு இல்லை, படலம் தளர்கிறது, வழி திறக்கிறது. சற்றுப் பொறுத்தால் மறுபடி கிளம்புகிறது என்று அவர்கள் சொன்னதன் முழு விளக்கமும் அந்தப் பிளந்த குழாயில் இருந்தது. மாற்றுக் குழாய்க்குச் சில நூறு ரூபாய்.

பின்பலகை

புகாருக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் தூண்டில் வளைவில் எஞ்சின் தள்ளிக்கொண்டிருந்தபோது என் இன்னொரு கை எஞ்சின் மாட்டிய பின்பலகையின் மேல் இருந்தது. திருகு ஏற ஏற அந்தப் பலகை அசைந்தது. கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவுதான். எஞ்சின் அடியில் முன்னோக்கித் தள்ளுகிறது, அதன் தலை பின்னோக்கிச் சாய்கிறது. இடையில் மாட்டிக்கொண்ட பலகை அந்த முறுக்கை அசையாமல் வாங்க வேண்டும். இது வாங்கவில்லை. போல்ட் துளைகளுக்குக் கீழே துருக்கலந்த தண்ணீர் கோடாக வடிந்திருந்ததையும் அப்போதுதான் கவனமாகப் பார்த்தேன்.

கரையேற்றி, சுத்தியலின் மரப்பிடியால் பலகையை ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தோம். ஓரங்களில் கணீர் என்ற ஓசை. நடுவில், எஞ்சினுக்குக் கீழே, மந்தமான ஓசை. உள்பக்கத்திலிருந்து சின்ன துளை ஒன்று போட்டேன். நல்ல பிளைவுட்டில் துளை போட்டால் வெளிர் நிறத் தூள் உலர்ந்து பறக்கும். இங்கே துரப்பணத்தின் பள்ளங்களில் கறுத்த ஈரச் சக்கைதான் சுற்றிக்கொண்டு வந்தது. விரலால் நசுக்கினால் தண்ணீர் கசிந்தது.

பைபர் படகு என்று சொல்கிறோமே தவிர, எஞ்சின் மாட்டும் பின்பலகையின் உள்ளே இருப்பது பெரும்பாலும் பிளைவுட். இருபுறமும் பைபர் தோல் போர்த்தியது. போல்ட் துளையின் ஓரத்துப் பூச்சு தேய்ந்ததும் மரம் தண்ணீர் குடிக்கத் தொடங்குகிறது. குடித்தது வெளியேற வழியில்லை. ஓடும் படகில் அது மெதுவாக நடக்கிறது. இந்தப் படகிலோ, அடித்தக்கை மூடியபடி, பின்புறம் தாழ்வாக, அலையில் ஏறிய கடல்நீர் மூன்று மாதம் அந்தப் பலகையோடு ஒட்டி நின்றிருக்கிறது. ஏழு ஆண்டில் தொடங்கியதை அந்தக் கச்சான் காலம் முடித்து வைத்திருக்கிறது.

எஞ்சினை மாட்ட முடியாது என்று சொன்னேன். இந்த நிகழ்வில் கடினமான பகுதி அதுதான். கணவாய் பட ஆரம்பித்திருந்தது. பக்கத்துப் படகுகள் தினமும் போய் வந்துகொண்டிருந்தன. நான்கு வீடு அந்தப் படகை நம்பி இருந்தது.

“ஏழு வருடம் தாங்கிய பலகை இன்னும் ஒரு மாதம் தாங்காதா? தொழில் முடிந்ததும் நானே கொண்டுவந்து விடுகிறேன்” என்றார்.

“அண்ணாச்சி, நடுக்கடலில் மெதுவாகப் போகும்போது தாங்கலாம். கரையோரம் அலை உடைகிற இடத்தில் முழுத் திருகு கொடுப்பீர்களே, அங்கே தாங்காது. நாற்பது கிலோ எஞ்சின் பலகையோடு பிய்த்துக்கொண்டு போனால் போவது எஞ்சின் மட்டுமில்லை. பின்புறம் திறந்த படகு அடுத்த அலையிலேயே நிரம்பிவிடும். ஆட்கள் அந்த அலைக்குள் இருப்பார்கள்.”

அவர் பதில் சொல்லாமல் அந்தக் கறுத்த சக்கையை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் அவருடைய ஆட்கள் மூன்று பேரும் மைத்துனர் படகிலும் வேறொரு படகிலும் பங்குக்கு ஏறிக்கொண்டார்கள். அவர் என்னோடு நின்றார்.

பைபர் வேலை செய்கிறவரை உடன் வைத்துக்கொண்டு, வெளித்தோலை அப்படியே விட்டு உள்தோலை மட்டும் அறுத்து எடுத்தோம். உள்ளே இருந்த பிளைவுட் அடுக்கு அடுக்காகக் கையோடு வந்தது. சாதாரண வீட்டு மேசைக்குப் போடும் ரகம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. படகுக்குப் போட வேண்டியது ஐ.எஸ். 710 என்ற தர முத்திரை உள்ள மரைன் பிளைவுட். விலை வித்தியாசம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஒரு படகின் மொத்தச் செலவில் பின்பலகைக்குப் போகிற தகடு எத்தனை? கட்டும்போதே நின்று முத்திரையைப் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டிய பொருள் இது.

வெளித்தோலின் உட்புறம் காய வேண்டும். ஈரத்தின் மேல், பைபரை ஒட்ட வைக்கும் ரெசின் பிடிக்காது. காய்ந்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு: ஒரு பாலிதீன் துண்டைப் பரப்பி நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஓர் இரவு விடுவது. காலையில் உட்புறம் துளி கோத்திருந்தால் இன்னும் காயவில்லை. துளி இல்லாத காலை வரும்வரை காத்திருந்தோம். அதற்குள் புதிய தகடுகளின் நான்கு ஓரங்களுக்கும் ரெசின் குடிக்கக் குடிக்கத் தடவி வைத்தோம். பிளைவுட் தண்ணீர் குடிப்பது முகத்தைவிட ஓரத்தில்தான் அதிகம்.

ரெசின் வேலையை விடியற்காலையில் வைத்துக்கொண்டோம். நம் ஊர் வெயிலில் ரெசினை இறுக வைக்கும் காட்டலிஸ்ட் சற்றுக் கூடினாலும் வாளியிலேயே இறுகிவிடும். இங்கே ஓர் எச்சரிக்கையை எழுதியே ஆக வேண்டும். பாலியெஸ்டர் ரெசினுக்குக் கோபால்ட் முடுக்கியும் காட்டலிஸ்டும் தனித்தனியாகச் சேர்க்கப்படும். முதலில் ஒன்றை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகுதான் மற்றதை ஊற்ற வேண்டும். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்த்தால் தீப்பற்றும், வெடிக்கும். கடற்கரையில் ஒரே கிண்ணத்தை இரண்டுக்கும் பயன்படுத்தும் கைகளை நான் பார்த்திருக்கிறேன். அதைத் தடுக்க எவ்வளவு கோபித்துக்கொண்டாலும் தகும்.

காற்று முழுக்க அடங்கியிருக்கவில்லை. ஈர ரெசினில் தேரி மண் படியாமல் இருக்க ஓலைத் தட்டி கட்டினோம். அறுத்த ஓரத்திலிருந்து பழைய பைபரை நீண்ட சரிவாகத் தேய்த்து, கனத்தைப்போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவு வைத்து, அதன் மேல் மேட், ரோவிங் என்ற இரு வகைக் கண்ணாடி இழை விரிப்புகளை மாறிமாறி ஏற்றினோம். செங்குத்தாக வெட்டிய விளிம்பில் ஒட்டுப்போட்டால் அலையின் முதல் அடியில் அந்தக் கோட்டிலேயே விரியும். தேய்க்கும்போது முகக்கவசம் இல்லாமல் யாரையும் அருகே விடவில்லை.

போல்ட் துளைகளுக்கு மட்டும் கூடுதல் கவனம் கொடுத்தோம். வேண்டிய அளவைவிடப் பெரிதாகத் துளைத்து, எபாக்சி நிரப்பி, அது இறுகிய பிறகு நடுவில் சரியான அளவில் மறுபடி துளைத்தோம். இனி மேற்பூச்சு தேய்ந்தாலும் போல்ட்டைச் சுற்றி இருப்பது எபாக்சிதான். தண்ணீர் மரத்தைத் தொடாது.

எஞ்சின் கழன்றிருந்த நாட்களில்

பலகை வேலை நடந்த நாட்கள் எஞ்சினுக்கு நல்லதாகப் போயிற்று. கியர்ப் பெட்டியின் கீழ்த் திருகைத் திறந்ததும் முதலில் வந்தது தண்ணீர், பிறகு வெளுத்த சாம்பல் நிறத்தில் ஆயில். புரொப்பல்லரைக் கழற்றினால் தண்டைச் சுற்றித் தங்கூசி நூல் இறுகிக் கிடந்தது. கடலில் அறுந்து மிதக்கும் நூலைப் புரொப்பல்லர் சுற்றி உள்ளே இழுத்துக்கொள்ளும். நூல் ரப்பர் சீலை அறுக்கும், சீல் வழியாகக் கடல்நீர் பல்சக்கரங்களுக்குப் போகும். ஓடும் எஞ்சினில் ஆயிலோடு கலந்து சுழலும் அந்தத் தண்ணீர், நிற்கும் எஞ்சினில் அடியில் தங்கித் துருவை வளர்க்கிறது. நல்லவேளையாகப் பல்சக்கரங்களில் துரு மேலோட்டமாகவே இருந்தது. சீல்களை மாற்றி, புதிய கியர் ஆயிலைக் கீழ்த் துளை வழியாக ஏற்றி, மேல்துளையில் வழிந்ததும் முதலில் மேல்திருகை மூடி, பிறகு கீழ்த்திருகை மூடினோம். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும்.

தண்ணீர்ப் பம்பில் இந்தக் கரைக்கே உரிய ஒரு சேதம் இருந்தது. இம்பெல்லர் புதிது என்றார்கள். ஆனாலும் எஞ்சின் பக்கத்திலிருந்து பீய்ச்ச வேண்டிய தண்ணீர் மெதுவான ஓட்டத்தில் சோர்ந்து வழிந்தது. பம்பைத் திறந்து உட்சுவரை விரலால் தடவினால் வட்டவட்டமாகக் கீறல் தட்டுப்பட்டது. திருநெல்வேலிக் கடற்கரை மணலில் கார்னெட் அதிகம். கார்னெட் என்பது உரசித் தேய்ப்பதற்காகவே தொழிற்சாலைகள் வாங்கும் மணல். மோஸ் கடினத்தன்மை அளவில் 6.5 முதல் 7.5 வரை. கரையோரத்தில், முழங்கால் தண்ணீரில் எஞ்சினைக் கிளப்பும்போதெல்லாம் இந்த மணல் கலங்கிப் பம்புக்குள் போகிறது. சுவர் கீறிய பம்பில் புது இம்பெல்லர் போட்டாலும் இடுக்கில் தண்ணீர் திரும்பிவிடும். உள்கிண்ணத்தையும் அடித்தகட்டையும் சேர்த்து மாற்றினால்தான் வேலை முடியும். மண்டபம், ராமேசுவரம் பக்கத்து அனுபவத்தை வைத்து இந்தக் கரையில் இம்பெல்லருக்கு ஆயுள் கணக்கிடக் கூடாது என்பது என் எண்ணம்.

குளிர்நீர் ஓடும் வழிகளில் உப்பு உறைந்திருந்தது. வெதுவெதுப்பான நல்ல தண்ணீரைப் பலமுறை செலுத்திக் கரைத்தோம். எஞ்சின் சூடேறியதும் திறந்து குளிர்நீரை ஓட விடும் தெர்மோஸ்டாட் உப்பில் இறுகி மூடியே இருந்தது. அதை ஒரு பாத்திரத்தில் போட்டுத் தண்ணீரைச் சூடாக்கினோம். தண்ணீர் கொதித்த பிறகும் திறக்கவில்லை. புதிது போட்டோம். துத்தநாக அனோடு பாதிக்கு மேல் கரைந்துபோயிருந்தது, அதுவும் போதாதென்று அதன் மேல் யாரோ பெயின்ட் அடித்திருந்தார்கள். அலுமினிய உடலுக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்றே வைத்த உலோகம் அது. பெயின்ட் பூசினால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

சிலிண்டர் அழுத்தம் பார்த்தோம். கீழ்ச் சிலிண்டர் மேலதைவிட ஏழெட்டு விழுக்காடு குறைவு. பத்து விழுக்காட்டுக்குள் இருப்பதால் ஓட்டலாம். ஆயில் இல்லாத அந்த அடி அடுக்கில் ஓடியதன் தழும்பாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். எஞ்சினைப் பிரிக்காமல் அதை உறுதிப்படுத்த வழியில்லை, பிரிப்பதற்கான தேவையும் இப்போது இல்லை.

கடல் ஓட்டம்

கடல்சார் தகவல் சேவைகளுக்கான தேசிய மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை முன்னறிவிப்பைப் பார்த்து, காற்று எழுவதற்கு முன்னால் அதிகாலையில் இறக்கினோம். மைத்துனரின் படகும் கூடவே வந்தது. உயிர்காப்பு உடை எல்லாருக்கும். கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணைப் படகின் உட்புறத்தில் பெயின்டில் எழுத வைத்தேன். கைபேசியில் இருக்கிறது என்றார்கள். கைபேசி நனையும், எழுத்து நனையாது.

எஞ்சினைக் கிளப்பும் இடத்தை மாற்றினோம். துடுப்பாலும் கழியாலும் மணல் கலங்காத ஆழம்வரை தள்ளிப்போய் அங்கே கயிற்றை இழுத்தார்கள். அலை உடைகிற நாளில் இது எப்போதும் முடியாது என்பது எனக்குத் தெரியும். முடிகிற நாளிலெல்லாம் செய்தால் பம்பு அதிக காலம் வாழும். பெட்ரோலில் பிடித்தது. சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். முழுத் திருகில் அரை மணி நேரத்துக்கு மேல் ஓடியது. ரப்பர் பம்பு கெட்டியாகவே நின்றது. பக்கத்துத் துளையில் தண்ணீர் கயிறு பிடித்ததுபோல நேராகப் பீய்ச்சியது. பின்பலகையின் உள்புறம் நேரான ஒரு சட்டத்தை வைத்துப் பிடித்திருந்தேன். முழுத் தள்ளலிலும் சட்டத்துக்கும் பலகைக்கும் இடையே வெளிச்சம் தெரியவில்லை. கரைக்கு வந்து எஞ்சின் ஆறியதும் கியர் ஆயிலை ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தோம், நிறம் மாறவில்லை.

அன்று மாலையே ஆட்கள் திரும்பி வந்து தூண்டில் கட்ட ஆரம்பித்தார்கள். கணவாய் முடியவில்லை, ஆனால் நல்ல மீன்பாடு கிடைத்த நாட்கள் சில கைநழுவிப் போயின. அந்த இழப்பைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. அதை அவர்கள்தான் சுமந்தார்கள்.

பிறகு கார்த்திகையில் கடல் கொந்தளித்துப் படகுகள் மேடேறியபோது வேறொரு வேலையாக அந்த ஊருக்குப் போனேன். அவருடைய படகில் அடித்தக்கை பிடுங்கப்பட்டு, பின்புறம் உயரும்படி கட்டை கொடுத்திருந்தது. எஞ்சின் கழற்றப்பட்டு வீட்டுத் திண்ணையில் நிமிர்ந்து நின்றது. நல்ல தண்ணீர் டிரம்முக்கு மூன்று படகுக்காரர்கள் சேர்ந்து பணம் போட்டுக்கொள்கிறார்கள் என்றார். நீண்ட நாள் கரையேற்றும்போது குழாயை டாங்கிலிருந்து கழற்றிவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓட விடுகிறார்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் தங்குவதில்லை. டாங்கில் மிஞ்சியதை மகனின் மோட்டார் சைக்கிளுக்கு அன்றே கொடுத்துவிடுகிறார்.

கீழ்ச் சிலிண்டர் மட்டும் பாக்கி. அடுத்த வைகாசியில் கச்சான் எழும்பிப் படகு கரையேறியதும் எஞ்சினைத் திசையன்விளைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அழுத்தம் இன்னும் இறங்கியிருந்தால் பிஸ்டன் ரிங் மாற்ற வேண்டும். அதற்கான பணத்தைக் கணவாய் பிடித்த வருமானத்திலிருந்து இப்போதே ஒதுக்கிவிட்டதாகச் சொன்னார்.